ஒத்து ஊத மெஷின் போதும்... நாயனம் வாசிக்க?

மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில், யானை படுத்துக் கிடப்பதுபோல ஒரு மலை வரும். அதுதான் யானைமலை. அதன் அடிவாரத்தில் இருக்கும் ஒத்தக்கடை பக்கம், முகூர்த்தம் நெருக்கமாக விழுகிற மாதங்களில் கல்யாண வீடுகளைக் கவனித்தால், மூன்று விதமான 'மேளச் சத்தம்' காதில் விழும்.

முதலாவது, பந்தல் ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கும் நாயனமும் தவிலும். இரண்டாவது, வரவேற்பு மேடையில் கச்சேரிக் குழுவின் கீபோர்டு. ஒரு பொத்தானை மாற்றினால் வயலின், இன்னொன்றை மாற்றினால் நாயனம். மூன்றாவது, செலவைச் சுருக்கிய வீடுகளில் ஸ்பீக்கரோடு இணைத்த செல்போன். "கெட்டிமேளம்... கெட்டிமேளம்!" என்று குரல் வந்ததும், மாப்பிள்ளையின் தம்பியோ மைத்துனரோ திரையைத் தட்டுவார். தாலி ஏறிவிடும். சத்தம் நின்றுவிடும்.

மூன்றிலும் கேட்பது நாயனம்தான். ஆனால் மூன்றும் ஒன்றா? செல்போனில் சுருதிப்பெட்டி, மிருதங்கம், வீணை, பியானோ என்று எல்லாமே ஆப்பாக வந்துவிட்ட காலம் இது. 'பாட்டு கிளாஸுக்கு அனுப்புறதா, ஆப் போட்டுக் கொடுக்குறதா?' என்று யோசிக்கும் பெற்றோரும் உண்டு. இந்த ஆப்களுக்குள் என்ன நடக்கிறது, எது அசலின் இடத்தைப் பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்துகொண்டால் பதில் சொல்வது சுலபம்.

நகல் எடுப்பது ஒன்று... புதிதாகப் பிறப்பது இன்னொன்று!

இசை ஆப்களில் சத்தம் இரண்டு வழிகளில் பிறக்கிறது.

முதல் வழி 'சாம்பிள்'. உண்மையான ஒரு வீணையை ஸ்டூடியோவில் வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக மீட்டிப் பதிவு செய்வார்கள். சிடி தரத்தில் என்றால், ஒரு விநாடிச் சத்தம் 44,100 புள்ளிகளாக அளக்கப்பட்டுச் சேமிக்கப்படும். நீங்கள் திரையைத் தொடும்போது கேட்பது, யாரோ ஒரு கலைஞர் எப்போதோ மீட்டிய அந்த ஒற்றை மீட்டு. அவர் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது.

இந்த யோசனை ஆப்களுக்கு முந்தியது. 1963-ல் இங்கிலாந்தில் வந்த 'மெல்லட்ரான்' என்ற கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். அதில் பதிந்த வயலினோ புல்லாங்குழலோ சுமார் 8 விநாடி ஒலிக்கும். பிறகு நாடா தீர்ந்துவிடும். இன்றைய ஆப் அதே வேலையை நாடா இல்லாமல் செய்கிறது.

இரண்டாவது வழி சிந்தசைசர். இதில் எந்த வாத்தியத்தையும் பதிவு செய்வதில்லை. மின்சாரம் ஓர் அலையை உண்டாக்கும். அதில் வேண்டாத பகுதியை ஒரு வடிகட்டி கழிக்கும். சத்தம் எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதை இன்னொரு பகுதி தீர்மானிக்கும். ராபர்ட் மூக் என்ற அமெரிக்கர் 1964-ல் இப்படி ஒரு கருவியைச் செய்தார். 1970-ல் தூக்கிச் செல்லும் அளவில் 'மினிமூக்' வந்தது. 1983-ல் யமஹாவின் 'டிஎக்ஸ்7' வந்த பிறகு, சினிமாப் பாட்டு கேட்கும் யாருமே சிந்தசைசரைக் கேட்காமல் இருக்க முடியாது என்றாகிவிட்டது.

சாம்பிள், இருக்கிற வாத்தியத்தின் போட்டோ. சிந்தசைசர், ஓவியம். போட்டோ அசல்போல இருக்கிறதா என்று பார்ப்போம். ஓவியத்திடம் அந்தக் கேள்வியை மட்டும் கேட்க மாட்டோம்.

வானொலி போட்ட தடை

வாத்தியத்தில் வேறொரு சத்தத்தைக் கொண்டுவரும் ஆசை நமக்குப் புதிதல்ல. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரம் அருகே இருக்கும் இசைத் தூண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே கல்லில் 22 சிறு தூண்களைக் குடைந்து, தட்டினால் ஸ்வரம் வரும்படி செதுக்கியிருக்கிறார்கள்.

புதுக்கருவி வந்தால் சண்டை வருவதும் பழைய கதைதான். ஹார்மோனியத்தில் கட்டைகள் நிலையானவை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. இதுதான் முக்கியக் குறையாகச் சொல்லப்பட்டு, 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஹார்மோனியத்துக்குத் தடை இருந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டு நாடக மேடையும் பஜனை மடமும் ஹார்மோனியம் இல்லாமல் நடக்கவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1982-ல் பிரிட்டன் இசைக்கலைஞர்கள் சங்கத்தின் லண்டன் கிளை, சிந்தசைசருக்குத் தடை வேண்டும் என்று தீர்மானமே போட்டது. வயலின்காரர்களின் வயிற்றில் அடிக்கிறது என்பதுதான் புகார்.

அதே 1982-ல் மும்பையில் வேறொன்று நடந்தது. இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், பத்து ராகங்களைச் சிந்தசைசரிலும் தாள மெஷினிலும் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் சித்தாரையோ தபேலாவையோ நகல் எடுக்கவில்லை. மெஷினை மெஷினாகவே பேசவிட்டார். வந்தபோது அது அதிகம் கவனிக்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து மறுபடி வெளியானபோது உலகமே ஆச்சரியப்பட்டது.

தமிழ் சினிமாவில் 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' பாடல்களில் இளையராஜா இந்த மின்னணுச் சத்தங்களைத் துணிந்து பயன்படுத்தினார். 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு, அந்தச் சத்தம் டீக்கடை ரேடியோ வரை வந்துவிட்டது.

ஜெயித்த இடம்: தம்புரா

நகல் முழுமையாக ஜெயித்த இடம் ஒன்று உண்டு. அது தம்புரா.

பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பொறியாளர். புல்லாங்குழலும் வாசிப்பவர். 1979-ல் அவர் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். 'ரேடல்' என்ற பெயரில் வந்த அந்தப் பெட்டிகள், பாட்டு வாத்தியார்கள் வீட்டு அலமாரியில் நிரந்தர இடம் பிடித்தன. இன்று அந்தப் பெட்டியே செல்போனுக்குள் ஆப்பாகப் போய்விட்டது.

தம்புராவில் மட்டும் ஏன் இது முடிந்தது? தம்புராவின் வேலையே மாறாமல் இருப்பது. நான்கு கம்பிகள், ஒரே வரிசை, ஒரே வேகம். ராகம் மாறினாலும் தாளம் மாறினாலும் அது மாறக் கூடாது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது மெஷினுக்குக் கை வந்த கலை.

நாயனத்துக்கும் இப்படி ஒரு துணை இருந்தது. அதன் பெயர் ஒத்து. பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையாது. ஒரே ஒரு சுருதிதான். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை விட்டுக்கொண்டு, சத்தம் அறாமல் மணிக்கணக்கில் ஊத வேண்டும். 'அவன் என்ன சொன்னாலும் இவன் ஒத்து ஊதுவான்' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான்.

பழமொழிபோல அந்தச் சொல் இன்னும் வாயில் இருக்கிறது. ஒத்து ஊதுகிற ஆளைத்தான் காணோம். இன்றைய நாயனக் குழுக்களில் அந்த இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

தோற்கிற இடம்: நாயனம்

இனி நாயனத்துக்கு வருவோம். கும்பகோணம் அருகே உள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளின் உத்தரக் கட்டைகளில் கிடைக்கும் நாள்பட்ட மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். வாயில் வைக்கும் பகுதிக்குச் சீவாளி என்று பெயர். நாணல் தட்டையில் செய்வது.

விரல் வைக்க ஏழு துளைகள்தான். ஆனால் ஒரு துளையை முழுதாக மூடலாம், பாதி மூடலாம், விரலை மெல்ல எடுக்கலாம். அதே துளையில் உதட்டை இறுக்கினால் ஸ்வரம் ஏறும். மூச்சைத் தளர்த்தினால் இறங்கும். நாக்கால் தட்டித் தட்டி வாசிக்கும் துத்துக்காரம் தனி.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காந்தாரம் என்ற ஸ்வரம் தன் இடத்தில் நிற்பதே அபூர்வம். கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்தியமத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் தோடி. கீபோர்டில் காந்தாரத்துக்கு ஒரு கட்டை உண்டு. அதை அழுத்தினால் காந்தாரம் வரும். தோடி வராது.

சாம்பிளின் சங்கடம் இதுதான். அதில் பதிவானவை ஸ்வரங்கள். நம் இசை இருப்பதோ ஸ்வரங்களுக்கு நடுவில் உள்ள பாதையில். கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி ஸ்வரத்தை வளைக்கலாம். அந்த வளைவை 16,384 படிகளாக அளக்கும் வசதி 1983-ல் வந்த 'மிடி' முறையிலேயே உண்டு. நம் ஊர்க் கலைஞர்களில் அதை வைத்துக் கமகம் வாசிக்கும் வித்தைக்காரர்களும் உண்டு. ஆனால் அப்போது ஜெயிப்பது அவர்களின் பயிற்சி. பொத்தானுக்கு அதில் பங்கில்லை.

தாளத்திலும் இதே கதைதான். கச்சேரி மேடைகளில் நின்றபடி குச்சியால் தட்டுவார்களே, 'பேட்'... 1985-ல் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த 'ஆக்டாபேட்' வழியில் வந்த கருவி. எட்டு ரப்பர் சதுரங்கள். ஒன்றைத் தட்டினால் தபேலா, இன்னொன்றைத் தட்டினால் உறுமி. இடத்தையும் சம்பளத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் பக்கத்து சிவகங்கை மாவட்டத்தின் மானாமதுரையில் மண்ணைப் பிசைந்து, தட்டித் தட்டிச் சுருதி கூட்டிச் செய்யும் கடத்தை ஒரு கலைஞர் வாசித்தால், கழுத்தில் ஒரு சத்தம், வயிற்றில் ஒரு சத்தம். வாயைத் தன் வயிற்றோடு அணைத்தால் வேறு ஒன்று. இரண்டு தட்டு ஒன்றுபோல இருக்காது. பேடில் பத்து தட்டுக்குப் பிறகு காது 'இதைத்தான் இப்போ கேட்டோமே' என்று சொல்லிவிடுகிறது.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜி, கன்னம் உப்பி, நரம்பு புடைக்க நாயனம் வாசிப்பார். நடிப்பில் அதற்கு மேல் ஒரு நகல் கிடையாது. ஆனால் அந்த நாயனத்துக்குள் ஓடிய மூச்சு, மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களுடையது. நகல் எவ்வளவு உயரம் போனாலும், அடியில் அசல் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடிக்காத சிந்தசைசர்

அப்படியானால் மின்னணு இசையே நமக்கு ஒத்து வராதா? அப்படிச் சொல்ல முடியாது.

2009-ல் வந்த 'டெல்லி 6' இந்திப் படத்தின் 'ரெஹனா தூ' பாட்டின் கடைசியில் ஏ.ஆர்.ரஹ்மான் ஒரு கருவியை வாசித்திருப்பார். 'கான்டினியம்' என்று பெயர். அதில் கட்டைகளே கிடையாது. வழவழப்பான ஒரே பரப்பு. விரலை நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தினால் சத்தம் கூடும். கேட்டால் வீணையும் இல்லை, ஷெனாயும் இல்லை. ஆனால் கமகம் அப்படியே இருக்கிறது.

2018-ல் 'எம்பிஇ' என்றொரு முறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. பழைய முறையில் சக்கரத்தைத் திருப்பினால் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து வளையும். இதில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வளைவு, தனித்தனி அழுத்தம். செல்போன், டேப்லெட் ஆப்களிலும் இந்த வசதி வந்துவிட்டது. எந்த வாத்தியத்தின் வேஷமும் போடாத ஒரு சிந்தசைசரில், நம் ராகத்தை அதன் நெளிவுகளோடு வாசிக்க இது கதவைத் திறந்திருக்கிறது. வீணையின் நகலை வைத்துக்கொண்டு 'அசல் மாதிரியே இருக்கு' என்று திருப்திப்படுவதைவிட இது நல்ல வழி.

காலியானது கடைசி நாற்காலி

இப்போது அந்த ஒத்துக்குத் திரும்புவோம். ஒரே சுருதியை ஊதும் வேலைக்கு மெஷின் வந்ததில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒத்து ஊதியவர்களிலும் தாளம் போட்டவர்களிலும் பலர் சிறுவர்கள். வித்துவானின் மகன், மருமகன், சீடன். கோயில் திருவிழாவில் இரவு முழுக்கக் குருவின் பின்னால் நின்று ஒத்து ஊதும்போது, மூச்சு பழகும். மல்லாரி எங்கே வாசிப்பது, எந்த நேரத்துக்கு எந்த ராகம், சாமி புறப்பாட்டில் எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் சொல்லிக்கொடுக்காமலே காதில் ஏறும். பாட்டிலும் அப்படித்தான். குருவின் பின்னால் தம்புரா மீட்டிய சீடர்கள் எத்தனையோ பேர் நாளைக்குப் பெரிய பாடகர்கள் ஆனார்கள்.

மெஷினுக்குச் சுலபமாக இருந்தது, மனிதருக்கும் ஆரம்ப வேலையாக இருந்தது. மெஷின் பிடித்தது கடைசி நாற்காலியைத்தான். ஆனால் பள்ளிக்கூடமே அந்த நாற்காலியில்தான் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த படி கண் முன்னால் நடக்கிறது. பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால், மோட்டாரில் ஓடும் மெஷின் முரசையும் மணியையும் ஜால்ராவையும் ஒன்றாக அடிக்கிறது. அதற்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம். சாமிக்கு முன்னால் என்ன ராகம் வாசிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். கல்யாணத்தில் செல்போன் வந்த பிறகு, வருஷத்தில் சில மாத முகூர்த்தங்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு நாளும் கணக்குதான். அப்பாவுக்கு வேலை குறைந்தால், 'நாயனம் கத்துக்கோடா' என்று மகனிடம் எந்த வாயால் சொல்வார்?

கற்றுக்கொடுக்க இடம் இல்லாமல் இல்லை. மதுரை பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாயனம், தவில், தேவாரம், குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று ஏழு பிரிவுகளில் 3 ஆண்டுப் பயிற்சி உண்டு. அங்கே சேர்கிற பிள்ளை படித்து முடித்து வெளியே வரும்போது, உட்கார ஒரு பந்தல் இருக்க வேண்டும். அந்தப் பந்தலைப் போடுவது நாம்தான்.

வீட்டில் ஆப் இருக்கிறதா? இதைக் கவனியுங்கள்!

* சுருதிக்கு ஆப் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் குரலுக்கு ஏற்ற கட்டையை வாத்தியாரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். 1 கட்டை என்பது கீபோர்டின் 'சி'. பெண்கள் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள்.

* பாடக் கற்கும் குழந்தைக்குக் கீபோர்டு கட்டையை அழுத்தி ஸ்வரம் காட்டாதீர்கள். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் அந்தர காந்தாரம் தானாகவே மெலிதாகக் கேட்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளியை 100 பங்காக வைத்துக்கொண்டால், கீபோர்டின் அதே காந்தாரம் சுமார் 14 பங்கு உயர்ந்து நிற்கும். காது முதலில் தம்புராவில் பழகட்டும்.

* ஆப்பில் தாளம் தட்டும்போது புளூடூத் ஹெட்போன் வேண்டாம். தொட்டதற்கும் கேட்பதற்கும் நடுவில் தாமதம் வரும். குழந்தையின் தாளம் பிசகுவது அவன் குற்றமாகத் தெரியும். வயர் போட்ட ஹெட்போனோ, போனின் சொந்த ஸ்பீக்கரோ நல்லது.

* சிந்தசைசர் ஆப் விளையாட்டுச் சாமான் அல்ல. சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் குழந்தை கையால் தொட்டுப் பார்க்கும் பாடம் அது. வடிகட்டியைத் திருப்பட்டும், அலையை மாற்றட்டும். 'இது எந்த வாத்தியம்?' என்று கேட்காமல், 'இது என்ன சத்தம்?' என்று கேளுங்கள்.

* வாத்திய ஆப் பிடித்துப்போனால், அசலை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வையுங்கள். கோயில் திருவிழாவில் நாயனக்காரருக்கு ஐந்தடி தூரத்தில் நிற்கட்டும். அந்த அதிர்வு நெஞ்சில் வந்து மோதும்போது, ஆப்பில் எது விடுபட்டுப்போனது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

வீட்டில் விசேஷம் வந்தால் ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பூ அலங்காரம், போட்டோ, வீடியோ, டிரோன் என்று எழுதிக்கொண்டே வரும் பட்டியலில் 'மேளம்' என்ற வரியை அடிக்கப் பேனாவை எடுக்கும்போது, அந்த வரிக்குப் பின்னால் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். நாயனக்காரர், தவில்காரர், தாளக்காரர், நரசிங்கம்பேட்டையில் மரம் கடைகிறவர், சீவாளி சீவுகிறவர். வித்துவான் வந்தால், "அண்ணே, உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க, தாளம் போடட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சுருதிப்பெட்டி ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். பையன் குருவின் பின்னால் உட்காரட்டும்.